தூங்கப் போட்ட சிஸ்டம் காலையில் எழுவதில்லை, பவர் பட்டனுக்கும் அசைவதில்லை

கோத்தகிரி_ஆல்பம் | 6 ஜனவரி, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். 2020-இல் நானும் என் தம்பியும் வீட்டிலேயே உட்கார்ந்து அசெம்பிள் செய்த சிஸ்டம் இது. ரைசன் 5 3600, பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. போன மழைக்காலம் வரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

இரவில் வேலை முடிந்ததும் ஆல்பம் பக்கங்களை மூடாமல் அப்படியே ஸ்லீப்பில் போட்டுவிடுவேன். எல்லாவற்றையும் மூடித் திறக்கக் காலையில் அரைமணி நேரம் ஆகும் என்பதால் அந்தப் பழக்கம். கார்த்திகை தொடங்கியதிலிருந்து காலையில் கீபோர்டைத் தட்டினால் எழுவதில்லை. கேபினட்டில் பவர் விளக்கு சில நாள் மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, சில நாள் அதுவும் இல்லை. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டி, மூன்று நான்கு தடவை முயன்று, பத்து பத்தரை மணிக்குத்தான் உயிர் வருகிறது. வந்துவிட்டால் அன்று முழுக்க நன்றாக ஓடும். மதியம் சாப்பிடப் போகும்போது ஸ்லீப்பில் போட்டால்கூட ஒழுங்காக எழுந்துவிடும்.

ராமைக் கழற்றி மாட்டினேன். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் புதிதாக வாங்கிப் போட்டேன். மாற்றமில்லை. நேற்று கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, இந்த மாடல் இப்போது கிடைக்காது, போர்டும் ப்ராசசரும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றார்கள். அங்கே மதியம் போட்டபோது முதல் அழுத்திலேயே ஆன் ஆனது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். மூன்று ஆல்பம் பாக்கி இருக்கிறது. போர்டுதான் போயிருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் அவ்வளவு பணம் போட எனக்கு மனமில்லை.

திருச்சி_கேமர் | 6 ஜனவரி, காலை 8.15

ப்ரோ, முதலில் பயாஸில் (ஆன் ஆகும்போது வரும் போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, அணைத்துவிட்டு ஒரு இரவு பாருங்கள். ராம் அதன் சாதாரண வேகத்துக்கு மேல் ஓடும்போது, பகலெல்லாம் நன்றாக இருந்தும் ஸ்லீப்பிலிருந்து எழும் நேரத்தில் மட்டும் தடுக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் ராம் இரண்டும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா பாருங்கள். ராம் முனையை ரப்பர் வைத்துத் தேய்த்துப் போட்டால் மலைப்பகுதி ஈரத்துக்கு நல்லது.

மின்னணு_ஆய்வகம் | 6 ஜனவரி, காலை 8.50

ரப்பர் வேண்டாம் என்பேன். அந்த முனையில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு ஒரே பக்கமாகத் துடைத்து, காயவிட்டு மாட்டினால் போதும். ஈரம் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை.

லினக்ஸ்_வாசி | 6 ஜனவரி, காலை 9.30

வன்பொருளைத் தொடும் முன்பு விண்டோஸை ஒதுக்கிவிடுவது நல்லது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது, பாதி ஹைபர்னேட்தான் (நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது). கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ-யும் போட்டால் உங்கள் சிஸ்டம் எந்தெந்தத் தூக்க நிலைகளை ஏற்கிறது என்று காட்டும். எஸ்3 என்று இருந்தால் பழைய வகை ஸ்லீப். ராமுக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும்.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து எதையும் மாற்றிவிடாதீர்கள். போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

முக்கியமான சோதனை இது. ஒரு பென்டிரைவில் உபுண்டு (லினக்ஸ்) போட்டு, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, இரவில் அதிலேயே ஸ்லீப்பில் போடுங்கள். காலையில் அங்கேயும் எழவில்லை என்றால் விண்டோஸையும் டிரைவரையும் மறந்துவிடலாம்.

ஈரோடு_சர்வீஸ் | 6 ஜனவரி, மதியம் 1.20

மேலே சொன்னவை எல்லாம் செய்ய வேண்டியவைதான், தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியை யாரும் பிடிக்கவில்லை. காலையில் எழாது, மதியம் எழும். நான் இருபத்தி இரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நேரத்தைப் பார்த்து வரும் கோளாறு என்றால் முதலில் அதைத்தான் கேட்பேன். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி, எத்தனை வாட், எந்த வருஷம் வாங்கியது? மற்ற எல்லாப் பார்ட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிட்டீர்கள்.

இரவில் யூஎஸ்பி-யில் என்னென்ன மாட்டியிருக்கிறது?

காலையில் அறை எவ்வளவு குளிராக இருக்கும்?

பைனல்_இயர் | 6 ஜனவரி, மாலை 4.05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் ஆன் ஆகாத பிரச்சினைதான், புதிதாக நேற்று அசெம்பிள் செய்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன், விளக்கு எல்லாம் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், சரியாக நான்கு நொடியில் அணைந்துவிடுகிறது. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 24 பின், ப்ராசசர் 8 பின் கனெக்டர் இரண்டும் நன்றாக அழுத்தி மாட்டியிருக்கிறேன். கேபினட்டில் போர்டுக்கு அடியில் வரும் பித்தளைக் கால்களையும் சரிபார்த்தேன், துளை இல்லாத இடத்தில் எதுவும் இல்லை.

ஈரோடு_சர்வீஸ் | 6 ஜனவரி, மாலை 4.40

நான்கு நொடி என்று எண்ணியது நல்ல வேலை. பவர் பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் சிஸ்டம் வலுக்கட்டாயமாக அணையும், எல்லா போர்டிலும் உள்ள ஏற்பாடு அது. உங்கள் கேபினட்டின் பட்டன் உள்ளே போய் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் இருக்கலாம். முன்பக்க வயரில் பவர் ஸ்விட்ச் என்று எழுதிய சின்ன கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். போர்டு புத்தகத்தைப் பார்த்து அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பட்டன்தான்.

பைனல்_இயர் | 6 ஜனவரி, மாலை 5.10

ஓடுகிறது அண்ணா! பட்டனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிசிறு தடுத்துக்கொண்டிருந்தது. பிளேடால் சீவிவிட்டேன். இப்போது டிஸ்ப்ளே வந்துவிட்டது. போர்டைத் திருப்பிக் கொடுக்க இருந்தேன். மிக்க நன்றி.

கோத்தகிரி_ஆல்பம் | 8 ஜனவரி, காலை 8.05

இரண்டு இரவு சோதித்துவிட்டு எழுதுகிறேன். முதலில் ஒன்று, நான் தம்பி இல்லை, தங்கை.

எக்ஸ்எம்பி அணைத்தேன். எழவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எடுத்தேன். எழவில்லை. நேற்று இரவு உபுண்டுவில் ஸ்லீப் போட்டேன், இன்று காலை அங்கேயும் இதே கதை. ஆக விண்டோஸ் இல்லை.

ஈரோடு அண்ணன் கேட்டதற்குப் பதில். எஸ்எம்பிஎஸ் 450 வாட். அதை நாங்கள் 2020-இல் வாங்கவில்லை. அப்பாவின் பழைய சிஸ்டத்தில் இருந்தது, 2013-இல் வாங்கியது. நன்றாகத்தானே ஓடுகிறது, செலவு மிச்சம் என்று அதையே மாட்டினோம். யூஎஸ்பி-யில் பென் டேப்லெட், வெளி ஹார்ட் டிஸ்க், இரவில் என் போன் சார்ஜுக்கு. காலையில் அறைக்குள்ளேயே 9, 10 டிகிரிதான் இருக்கும். சிஸ்டம் வைத்திருப்பது வடக்குச் சுவர் ஓரம், அங்கே வெயில் வராது.

ஈரோடு_சர்வீஸ் | 8 ஜனவரி, காலை 10.30

மன்னிக்கணும் தங்கச்சி.

எனக்கு இப்போது எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன், நீங்களே அளந்து உறுதி செய்துகொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு பிரிவு இருக்கிறது. பெரிய பிரிவு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் கொடுப்பது. சிஸ்டம் ஓடும்போது மட்டும் வேலை செய்யும். இன்னொன்று சின்னது, ஸ்டாண்ட்பை பிரிவு. சுவரில் ஸ்விட்ச் போட்ட நொடியிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும். 24 பின் கனெக்டரில் ஊதா வயரில் 5 வோல்ட் கொடுப்பது இதுதான். சிஸ்டம் அணைந்திருக்கும்போது போர்டில் எரியும் சின்ன விளக்கு, பட்டன் அழுத்தியதைக் கவனிக்கும் சர்க்யூட், கீபோர்டு, மௌஸ் எல்லாம் இந்த ஊதா வயரை நம்பித்தான் இருக்கின்றன. ஸ்லீப்பில் ராமும் இதிலிருந்துதான் தன் கரண்டை எடுத்துக்கொள்கிறது.

நீங்கள் கீபோர்டைத் தட்டியதும் போர்டு என்ன செய்கிறது? பச்சை வயரை கிரவுண்டுக்கு (கறுப்பு வயர்) இழுக்கிறது. அதுதான் பெரிய பிரிவை எழுப்பும் சைகை. அது எழுந்து மின்னழுத்தம் நிலைத்ததும் சாம்பல் வயரில் "எல்லாம் சரி" என்று பதில் வரும். அதற்கு அரை நொடிக்குள்தான் ஆகும். அந்த அரை நொடியில் ஊதா வயர் தளர்ந்துவிட்டால் பச்சையைப் பிடித்துக்கொண்டிருந்த சர்க்யூட்டே மயங்கிவிடும். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கிறது என்றீர்களே, அதற்கு இது பொருந்துகிறது.

பெரிய பிரிவு நன்றாக இருப்பதால் சிஸ்டம் எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். அதனால்தான் எஸ்எம்பிஎஸ் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஓடுகிறதே, அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நல்லதுதான் என்று போர்டுக்குப் போய்விடுவார்கள். நான்கூடத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய நல்ல போர்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். புதுப் போர்டிலும் அதே கோளாறு வந்தபோதுதான் ஊதா வயரை அளந்தேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

இன்றைக்கு ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இரவில் போனையும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு ஸ்லீப் போடுங்கள். பல போர்டுகளில் சிஸ்டம் தூங்கும்போது யூஎஸ்பி-க்குப் போகும் கரண்டும் இதே ஊதா வயரிலிருந்துதான்.

மின்னணு_ஆய்வகம் | 8 ஜனவரி, மதியம் 12.10

குளிருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சேர்த்துவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர் நான், மாணவர்களுக்கு அடிக்கடி செய்து காட்டுவது இது.

ஸ்டாண்ட்பை பிரிவில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளைகள்) இருக்கும். உள்ளே ஒரு திரவம் ஊறிய காகிதம். வருஷக்கணக்கில் வெப்பத்தில் அந்தத் திரவம் மெல்ல வறண்டுபோகும். வறள வறள கெப்பாசிட்டரின் உள்தடை ஏறும். குளிரில் மீதித் திரவமும் மந்தமாகி உள்தடை இன்னும் கூடும். புதிய கெப்பாசிட்டர் 10 டிகிரியைப் பொருட்படுத்தாது. வறண்டதற்கு 10 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு தடவை எழுந்து ஓட ஆரம்பித்ததும் எஸ்எம்பிஎஸ் உள்ளே சூடாகிவிடும். அதனால்தான் உங்களுக்கு மதியத் தூக்கம் பிரச்சினை இல்லை.

ஸ்டாண்ட்பை பிரிவு மற்றதைவிட முன்னால் கெடுவதற்கும் காரணம் இருக்கிறது. சிஸ்டம் அணைந்திருந்தாலும் அது ஓடுகிறது, ஆனால் அப்போது ஃபேன் சுற்றுவதில்லை. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். சுவர் ஸ்விட்சை அணைக்காத வீட்டில் 2013-இலிருந்து எண்ணினால் 95,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். கெப்பாசிட்டர் மேல் 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்த வெப்பத்தில் அதற்குச் சொல்லப்படும் ஆயுள் பெரும்பாலும் சில ஆயிரம் மணிதான். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எங்கள் கணக்கு. அதனால்தான் இவ்வளவு நாள் தாங்கியது.

எளிய சோதனை ஒன்று. காலையில் எழாதபோது சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சல்லடை வழியாக ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். போர்டு பக்கம் காட்டாதீர்கள். பிறகு ஆன் செய்யுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசி ஆகும்போது 325 வோல்ட் வரும், சில வகையில் 400-ஐத் தொடும். வயரைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

திருச்சி_கேமர் | 8 ஜனவரி, மதியம் 12.45

பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தால் எஸ்எம்பிஎஸ் தெரிந்துவிடாதா?

ஈரோடு_சர்வீஸ் | 8 ஜனவரி, மதியம் 1.00

அடியோடு செத்துப்போனதா இல்லையா என்பது தெரியும், அவ்வளவுதான். சுமையே இல்லாமல் செய்யும் சோதனை அது. சாகக் கிடப்பதும் அதில் சுற்றும். கடைகளில் திரையோடு வரும் சின்ன டெஸ்டரும் அப்படியே, பெரிதாகச் சுமை கொடுப்பதில்லை.

கோத்தகிரி_ஆல்பம் | 10 ஜனவரி, காலை 9.15

நேற்று இரவு யூஎஸ்பி-யில் கீபோர்டும் மௌஸும் மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போட்டேன். இன்று காலை 6.30-க்கு ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். எழுந்துவிட்டது! ஏறக்குறைய எட்டு வாரத்தில் முதல் தடவை. ஒரு வினாடி எனக்கு நம்பிக்கையே வரவில்லை, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உடனே மறுபடி ஸ்லீப் போட்டு, போனை மாட்டி, அரைமணி நேரம் விட்டுத் தட்டினேன். எழவில்லை. பட்டனை அழுத்தினால் அதே அரைச் சுற்று. ஸ்விட்சை அணைத்து ஹேர் டிரையர் ஐந்து நிமிடம் காட்டினேன். முதல் அழுத்திலேயே ஆன் ஆனது.

லினக்ஸ்_வாசி | 10 ஜனவரி, காலை 10.00

நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு சந்தேகத்தை இங்கே வைக்காமல் இருக்க முடியவில்லை. ஊதா வயர் தளர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எஸ்எம்பிஎஸ் கொடுக்க முடியாமல் தளர்கிறதா, போர்டு அளவுக்கு மீறி இழுப்பதால் தளர்கிறதா? போர்டில் எங்காவது ஒரு கசிவு இருந்தாலும் இதே அறிகுறிதானே வரும்? அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரியாகிவிடும். ஹேர் டிரையர் எஸ்எம்பிஎஸ் பக்கம் சாய்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை மட்டும் வைத்து வாங்கிவிட வேண்டாம்.

மின்னணு_ஆய்வகம் | 10 ஜனவரி, காலை 10.40

சரியான கேள்வி. போர்டை முழுவதும் விலக்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரிந்த ஒரு சுமையைக் கொடுத்து அளந்தால் பதில் கிடைத்துவிடும்.

ரேடியோ ரிப்பேர் கடையில் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் கேளுங்கள். வெள்ளையாக, சாக்பீஸ் துண்டு போலச் சதுரமாக இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா கனெக்டரையும் சிஸ்டத்திலிருந்து கழற்றிவிட்டு, 24 பின்னில் ஊதாவுக்கும் ஏதாவது ஒரு கறுப்புக்கும் நடுவில் இந்த ரெசிஸ்டர். பச்சை வயரைத் தொட வேண்டியதில்லை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளில் +5விஎஸ்பி (ஸ்டாண்ட்பை 5 வோல்ட்) என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 2 அல்லது 2.5 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். ஆக இது அதன் திறனில் பாதிதான். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ரெசிஸ்டர் நன்றாகச் சுடும். டைல்ஸ் துண்டின் மேல் வைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். வயர்களை மாட்டி முடித்த பிறகே சுவர் ஸ்விட்சைப் போடுங்கள்.

கோத்தகிரி_ஆல்பம் | 13 ஜனவரி, காலை 8.30

போகிப் புகையில் ஊரே மங்கலாக இருக்கிறது. நான் காலை ஆறு மணிக்கே மல்டிமீட்டரோடு உட்கார்ந்துவிட்டேன்.

ரெசிஸ்டர் மார்க்கெட்டில் இருக்கும் ரேடியோ கடையில் கிடைத்தது. எதற்கு என்று கேட்டார் பெரியவர், சொன்னதும் முதலை வாய் மாதிரி கிளிப் வைத்த வயர் இரண்டையும் இரவலாகக் கொடுத்து அனுப்பினார். 24 பின்னின் துளைக்குள் கிளிப் நுழையாது என்பதால் நூல் தைக்கும் பெரிய ஊசி இரண்டை நுழைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் அட்டைத் துண்டு வைத்து, ஊசிகளில் கிளிப்பை மாட்டினேன்.

சுமை இல்லாமல் 5.06 வோல்ட். பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறதே என்று. ஸ்விட்சை அணைத்து, ரெசிஸ்டரை மாட்டி, மறுபடி போட்டேன். 4.31. அதுவும் நிற்கவில்லை, 4.2-க்கும் 4.4-க்கும் நடுவில் துள்ளிக்கொண்டே இருந்தது. காதைப் பக்கத்தில் வைத்தால் பெட்டிக்குள்ளிருந்து கொசு பறப்பது போல மெல்லிய கீச்சொலி. போர்டு எதுவும் மாட்டவில்லை, சிஸ்டம் அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறது.

பத்து நிமிடம் ஹேர் டிரையர் காட்டிவிட்டு அதே ரெசிஸ்டரோடு அளந்தேன். 4.83.

பக்கத்து வீட்டு அண்ணனுடைய சிஸ்டத்திலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கொடுத்தார். அதே குளிர், அதே ஊசி, அதே ரெசிஸ்டர். 5.01, அசையவே இல்லை. அதை என் போர்டில் மாட்டி, போன், ஹார்ட் டிஸ்க், டேப்லெட் எல்லாம் இருக்கும்போதே ஐந்து தடவை ஸ்லீப் போட்டு எழுப்பினேன். ஐந்து தடவையும் எழுந்தது.

லினக்ஸ்_வாசி | 13 ஜனவரி, காலை 8.50

என் சந்தேகம் தீர்ந்தது. போர்டு இல்லாமலே 4.31 என்றால் பேச வேறொன்றும் இல்லை. இவ்வளவு பொறுமையாக அளந்து எழுதியதற்கு நன்றி.

ஈரோடு_சர்வீஸ் | 13 ஜனவரி, காலை 9.20

அருமையான வேலை தங்கச்சி. அந்தக் கீச்சொலி கேட்டதும் எனக்குக் கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் சிஸ்டத்துக்கு 450 வாட் தாராளம், 550 எடுத்தால் நாளை கார்டு மாற்றினாலும் தாங்கும். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று லேபிளில் பாருங்கள். 12 வோல்ட்டில் மட்டுமே ஏறக்குறைய முழு வாட்டும் வர வேண்டும். +5விஎஸ்பி-யில் 2.5 அல்லது 3 ஆம்பியர் இருக்கட்டும். வாரண்டி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கையில் தூக்கிப் பார்த்து மிக லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் எதையும் புதியதில் மாட்டிவிடாதீர்கள். கழற்றி மாட்டும் வகையில் வரும் வயர்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்படி மாட்டி ஹார்ட் டிஸ்க் எரிந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. படங்கள் இருக்கும் டிஸ்க், கவனம்.

கோத்தகிரி_ஆல்பம் | 13 ஜனவரி, காலை 9.40

கடையில் சொன்ன போர்டு, ப்ராசசர் செலவில் கால் பங்குகூட ஆகாது போலிருக்கிறதே அண்ணா. பொங்கல் முடிந்து கோவை போகும் வேலை இருக்கிறது, அங்கேயே வாங்கிவிடுகிறேன். பழையதைச் சரிசெய்ய முடியுமா? அப்பா வாங்கியது என்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஈரோடு_சர்வீஸ் | 13 ஜனவரி, காலை 10.15

முடியும். பெரும்பாலும் ஸ்டாண்ட்பை பிரிவில் 10 வோல்ட், 1000 மைக்ரோஃபேரட் அளவில் ஒன்றிரண்டு கெப்பாசிட்டரும், அதே பிரிவில் 50 வோல்ட் சின்னது ஒன்றும் மாற்றினால் சரியாகும். சாமான் விலை சில ரூபாய்தான். சிலது தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கும், பார்த்தவுடன் தெரியும். சிலது பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்தடை அளக்கும் மீட்டர் வைத்தால்தான் மாட்டும். எஸ்எம்பிஎஸ் திறந்து பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள், ரேடியோ கடைப் பெரியவரே செய்வார் என்று நினைக்கிறேன். சரியானாலும் படங்கள் இருக்கும் சிஸ்டத்தில் மாட்டாதீர்கள். மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயசுதான்.

திருச்சி_கேமர் | 13 ஜனவரி, மதியம் 2.30

நான் எக்ஸ்எம்பி என்று உறுதியாகச் சொல்லி ஒரு இரவை வீணாக்கிவிட்டேன், மன்னிக்கவும் சிஸ்டர். என் சிஸ்டத்தின் எஸ்எம்பிஎஸ்ஸும் எட்டு வருஷம் ஆகிறது. இன்று மாலை ரெசிஸ்டர் வாங்கப் போகிறேன்.

கோத்தகிரி_ஆல்பம் | 13 ஜனவரி, மதியம் 2.50

வீணாகவில்லை. அதை அணைத்துப் பார்த்ததால்தான் ராம் இல்லை என்று தெரிந்தது. அளந்ததும் எண்ணை இங்கே எழுதுங்கள்.

கோத்தகிரி_ஆல்பம் | 2 பிப்ரவரி, காலை 6.50

புது எஸ்எம்பிஎஸ் 18-ஆம் தேதி மாட்டினேன், 550 வாட். மாட்டும் முன் அதே ரெசிஸ்டரை வைத்து அளந்தேன், 5.04. அன்றிலிருந்து ஒரு இரவுகூட விடாமல் ஸ்லீப்பில்தான் போடுகிறேன், போனும் டிஸ்க்கும் மாட்டியபடியே. இன்றோடு பதினைந்து காலை. எக்ஸ்எம்பி-யை மறுபடி போட்டுவிட்டேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரேடியோ கடைப் பெரியவர் பழையதைத் திறந்து காட்டினார். ஒரு கெப்பாசிட்டர் மேடு தட்டியிருந்தது, பக்கத்தில் இருந்த இன்னொன்று பார்க்க நன்றாக இருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டு அவருடைய கடை பெஞ்சில் சோதனைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆயுள் கூடுமா?

ஈரோடு_சர்வீஸ் | 2 பிப்ரவரி, காலை 9.05

ஸ்லீப்பில் போடும் நாளில் அணைக்கக் கூடாது, ராமில் இருப்பதெல்லாம் போய்விடும். வெளியூர் போகும் நாளில் ஷட்டவுன் செய்து ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள், ஸ்டாண்ட்பை பிரிவுக்கும் ஓய்வு. கடிகாரத்தைப் புது பேட்டரி பார்த்துக்கொள்ளும். இடி மின்னல் நாளில் ஸ்விட்சை நம்பாமல் பிளக்கையே உருவுங்கள், லேன் வயரையும் சேர்த்து.

கோத்தகிரி_ஆல்பம் | 2 பிப்ரவரி, காலை 9.20

சரி அண்ணா. லேன் வயரை நான் யோசிக்கவே இல்லை. மூன்றில் இரண்டு ஆல்பம் பிரிண்ட்டுக்குப் போய்விட்டது, மூன்றாவது இப்போது திரையில் திறந்திருக்கிறது, நேற்று இரவு விட்ட அதே பக்கத்தில்.